விசாவும் பெண்ணடிமையும்

(காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் நடந்த சுயமரியாதைக் கூட்டத்தில் பேசியது)



இன்று என்னைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம் பெண்கள் உரிமை என்பதாகும். பெண்கள் உரிமை என்றவுடன் தாலி, சடங்கு, சீதனம், சொத்து ஆகியவைகளைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அவைகளைப் பற்றிப் பேச என்னைவிடக் கெட்டிக்காரத் தோழர்கள் இந்த மேடையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் ஒரு காகிதத்தைப் பற்றி மாத்திரம் பேசப்போகிறேன். அந்தக் காகிதத்திற்கு விசா என்று பெயர். "நெசவாளர் தெருவில் வந்து விசாவைப் பற்றிப் பேசுகிறானே, இவனுக்கு வேறு வேலை இல்லையா" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இந்தத் தெருவில் எத்தனை வீட்டுப் பெண்கள் இன்று சிங்கப்பூரிலும், துபாயிலும், அமெரிக்காவிலும் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வீடாக எண்ணிப் பாருங்கள். அப்புறம் எனக்கு வேறு வேலை இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்லலாம்.

இதே பிள்ளையார்பாளையத்தில் என்னோடு இருபது வருஷமாகப் பழகிவரும் நெசவாளி ஒருவர் இருக்கிறார். பேர் வேண்டியதில்லை. என்னைவிட வயதில் மூத்தவர், நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் தறியில் உட்கார்ந்து, தன் மனைவியைத் தார் சுற்ற வைத்து, வயிற்றைக் கட்டி மகளை இன்ஜினீயரிங் படிக்க வைத்தார். கையிலிருந்தது போதாமல் பேங்கில் படிப்புக் கடன் வாங்கினார். கடன் பெண்ணின் பேரில், கூடக் கையெழுத்துப் போட்டவர் தகப்பனார். பெண் படித்துத் தேறி, சென்னையில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் வேலையும் பார்த்து, மாதாமாதம் தவணையும் கட்டிவந்தாள். அதற்குள் அமெரிக்க மாப்பிள்ளை வந்துவிட்டார்! ஜாதகம் பார்த்தார்கள், பத்துப் பொருத்தத்தில் ஒன்பது பொருந்துகிறது என்று ஜோசியன் காசு வாங்கிக்கொண்டு போனான். ஏகாம்பரநாதர் கோவில் மாமரத்தைச் சுற்றிவிட்டு வந்தார்கள். கல்யாணம் நடந்தது. பெண் விமானம் ஏறினாள்.

ஐந்து வருஷம் கழித்து அந்த அண்ணன் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து ஒரு கடிதத்தை நீட்டினார். பேங்க் நோட்டீஸ். "தம்பி, பொண்ணு அமெரிக்காவுல இருக்கான்னு ஊரே பேசுது. பேங்க்காரன் எனக்கு நோட்டீஸ் அனுப்புறான். அவ வேலைக்குப் போகக் கூடாதாம்ல? போனா போலீஸ் புடிக்குமாமே, நெசமா?" என்று கேட்டார்.

தோழர்களே! அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் எனக்குத் தெரியவந்ததைத்தான் இங்கே சொல்லுகிறேன். நான் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவனல்ல. வக்கீலுமல்ல. ஆனால் சட்டம் என்பது படித்தவனை மாத்திரம் கட்டுவதல்லவே! படிக்காதவனையும்தான் கட்டுகிறது. ஆகவே படிக்காதவனும் அதைப் படித்துத்தான் தீரவேண்டும்.

அமெரிக்காவுக்குக் கம்ப்யூட்டர் முதலிய தொழிற்படிப்பு வேலைகளுக்காகப் போகிறவர்களுக்கு எச்-1பி என்று ஒரு விசா. 1990ஆம் வருஷத்துச் சட்டத்தினால் ஏற்பட்டது. வருஷத்திற்குப் புதிதாக 65,000 பேர், அந்த நாட்டிலேயே மேல்படிப்பு முடித்தவர்களில் மேலும் 20,000 பேர் என்று கணக்கு. அப்படிப் போகிறவனுடைய மனைவிக்கும், 21 வயது ஆகாத பிள்ளைகளுக்கும் கொடுப்பது எச்-4. இந்த எச்-4 பெற்றவள் அந்த நாட்டில் இருக்கலாம். கடைக்குப் போகலாம். கல்லூரியில் பணம் கட்டிப் படிக்கலாம். சமைக்கலாம், பிள்ளை பெறலாம், துணி துவைக்கலாம். கூலிக்கு வேலை மாத்திரம் செய்யக் கூடாது. வேலை செய்கிறவர்களுக்கு அந்த நாட்டு அரசாங்கம் கொடுக்கிற சமூகப் பாதுகாப்பு எண் என்பதும் அவளுக்குக் கிடையாது.

இதிலுள்ள வேடிக்கையைக் கவனியுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையை அவள் சும்மா பார்த்துக்கொண்டால் அது உபகாரம். அதற்கே நாலு காசு வாங்கிக்கொண்டால் அது சட்ட விரோதம்! இட்லி சுட்டு நாலு பேருக்கு இலவசமாகக் கொடுத்தால் நல்ல பெண் என்று பேர். விலை வைத்துத் தொழிலாக விற்றால் விசாவே போய்விடும். உழைப்பு அதேதான், கையும் அதேதான். பெண் உழைக்கக் கூடாது என்பது இந்தச் சட்டத்தின் கருத்தல்ல. உழைப்புக்குக் கூலி வாங்கக் கூடாது என்பதுதான் கருத்து. இந்தச் சட்டத்தை வெள்ளைக்காரன் இப்போதுதான் கண்டுபிடித்தான் என்று நினைக்கிறீர்களா? பெண்ணை இளமையில் ஒருவன் காவலிலும், பருவத்தில் ஒருவன் காவலிலும், முதுமையில் ஒருவன் காவலிலும் வைத்த மனுதர்மக்காரன் இந்தக் காகிதத்தைப் பார்த்தால், "என் காப்பியை எப்போது எடுத்தாய்?" என்றல்லவா கேட்பான்!

அமெரிக்காவிலும் பெண்ணைக் கணவன் பேரில் பதிந்து வைக்கிற வழக்கம் நேற்று ஏற்பட்டதல்ல. 1907ஆம் வருஷத்தில் ஒரு சட்டம் செய்தார்கள். அதன்படி அமெரிக்காவிலேயே பிறந்த பெண்ணாயிருந்தாலும், வேறு நாட்டானைக் கல்யாணம் செய்துகொண்டால் அவளுடைய குடியுரிமை போய்விடும். அந்த நாட்டு ஆண் யாரைக் கட்டிக்கொண்டாலும் அவனுடையது போகாது. 1922இல் இதைத் திருத்தினார்கள். திருத்தியும்கூட, ஆசியாக்காரனைப் போல அந்த நாட்டுக் குடியுரிமை பெற அருகதையில்லை என்று ஒதுக்கப்பட்டவனைக் கட்டிக்கொண்ட பெண்ணுக்கு 1931 வரையில் விமோசனமில்லை. 1923இல் பகத்சிங் திண்டு என்கிற பஞ்சாபிக்காரருடைய வழக்கில், இந்தியன் வெள்ளைக்காரனல்ல, ஆகையால் குடியுரிமைக்கு அருகதையில்லை என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆக, இந்தியனைக் கட்டிக்கொண்ட வெள்ளைக்காரியும் தன் சொந்த நாட்டிலேயே அந்நியளானாள். புருஷனுடைய நிறம் பெண்டாட்டியின் தேசத்தைத் தீர்மானித்தது என்றால், நம் ஊரில் புருஷனுடைய ஜாதி பெண்டாட்டியின் ஜாதியைத் தீர்மானிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நிற்க, இந்த எச்-4 பெண்களின் கதி அப்படியே இருந்துவிட்டதா என்றால், கொஞ்சம் மாறிற்று. 2015ஆம் வருஷம் மே மாதம் 26ந் தேதி முதல், ஒபாமா பிரசிடெண்டாயிருந்த காலத்தில், ஒரு விதி அமலுக்கு வந்தது. அதன்படி எச்-4 பெண்களில் ஒரு பகுதியார் வேலை அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பம் போடலாம். யார் அந்த ஒரு பகுதியார்? எவளுடைய கணவனுக்காக அவனுடைய கம்பெனி நிரந்தரக் குடியிருப்பு மனுப் போட்டு, அந்த மனு ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறதோ அவள். அல்லது அந்த மனுவின் காரணமாக எவளுடைய கணவனுக்கு ஆறு வருஷத்திற்கு மேலும் விசா நீட்டப்பட்டிருக்கிறதோ அவள். மற்றவர்களுக்கு இல்லை.

நெசவாளத் தோழர்களுக்கு இது சுலபமாக விளங்கும். முதலாளியிடம் முன்பணம் வாங்கிய நெசவாளி அந்தக் கடன் தீரும் வரையில் வேறு முதலாளியிடம் போக முடியாமல் கட்டுண்டு கிடந்த கதை இந்தக் காஞ்சீபுரத்தில் யாருக்குத் தெரியாது? கொத்தடிமை முறையை ஒழிக்க 1976இல் சட்டம் வந்த பிறகுங்கூட, முன்பணத்துக்காகப் பிள்ளைகளையே தறியில் உட்கார வைத்த ஊர் இது. அமெரிக்காவில் மாப்பிள்ளை கம்பெனியிடம் கட்டுண்டிருக்கிறார். வேலை போனால் 60 நாளைக்குள் வேறு கம்பெனி பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு வழி தேட வேண்டும் அல்லது மூட்டையைக் கட்ட வேண்டும். பெண் மாப்பிள்ளையிடம் கட்டுண்டிருக்கிறாள். கம்பெனி மனசு வைத்து மனுப் போட்டால்தான் அவளுக்குச் சீட்டு. கட்டுண்டவனிடம் ஒருத்தியைக் கட்டிவைத்தால் அவளுக்கு எத்தனை முடிச்சு என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

"நிரந்தரக் குடியிருப்புக் கிடைத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததே" என்பீர்கள். வேலையின் மூலம் வருஷந்தோறும் கொடுக்கப்படும் குடியிருப்புச் சீட்டுகளில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் சாதாரணமாக நூற்றுக்கு 7க்கு மேல் இல்லை என்பது அவர்கள் சட்டம். சின்னஞ்சிறு நாட்டுக்கும் 7, நூற்று நாற்பது கோடி ஜனங்களுள்ள இந்தியாவுக்கும் 7! ஆகையால் நம் ஆட்கள் வரிசையில் பத்து வருஷம், இருபது வருஷம் என்று நிற்கிறார்கள். 2015 முதல் 2017 டிசம்பர் வரை இந்த எச்-4 வேலைச் சீட்டுக்காக ஒப்புக்கொள்ளப்பட்ட விண்ணப்பங்கள், புதுப்பித்தவைகளையும் சேர்த்து, 1,26,853 என்று அமெரிக்க அரசாங்கக் கணக்கிலேயே இருக்கிறது. முதல் தடவையாகச் சீட்டுப் பெற்றவர்களில் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டவர்கள் இந்தியாவில் பிறந்தவர்கள். நூற்றுக்கு 90க்கு மேற்பட்டவர்கள் பெண்கள். ஆகவே இதை அமெரிக்காவின் விவகாரம் என்று யாரும் தள்ளிவிட முடியாது. இது நம் வீட்டுப் பெண்ணின் விவகாரம்.

இந்தச் சீட்டும் நிம்மதியாக இருந்ததா? விதி வந்த உடனேயே அமெரிக்கத் தொழிலாளிகள் சிலர் ஒரு சங்கமாகச் சேர்ந்து அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். டிரம்ப்பின் முதல் ஆட்சியில் விதியையே எடுத்துவிடப் போவதாக அறிவித்து, வருஷக்கணக்கில் அந்தப் பெண்களைத் தூங்கவிடாமல் வைத்திருந்தார்கள். 2021 ஜனவரியில் பைடன் வந்ததும் அந்த யோசனை கைவிடப்பட்டது. வழக்கோ நடந்துகொண்டே இருந்தது. 2024 ஆகஸ்டில் வாஷிங்டன் மேல் கோர்ட்டு விதி செல்லும் என்று சொல்லிற்று. 2025இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்ததினால் விதி பிழைத்தது. பத்து வருஷம்! பிள்ளை பிறந்து அஞ்சாம் வகுப்புக்குப் போகிற காலம் முழுவதும், "நாளைக்கு எனக்கு வேலை உண்டா?" என்று ஒருத்தி கோர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே 2025ஆம் வருஷம் அக்டோபர் 30ந் தேதி இன்னொரு அடி விழுந்தது. அதற்கு முன்பெல்லாம், காலத்தில் புதுப்பிக்க மனுப் போட்டிருந்தால், பழைய சீட்டே 540 நாள் வரை தானாக நீடிக்கும். அன்று முதல் போடுகிற மனுவுக்கு அந்தச் சலுகை கிடையாது என்று எடுத்துவிட்டார்கள். ஆபீசில் உட்கார்ந்திருக்கிற குமாஸ்தா கையெழுத்துப் போடத் தாமதித்தால் இவள் வேலையை விட்டு எழுந்து போக வேண்டியதுதான்.

வழக்குப் போட்ட அந்த அமெரிக்கத் தொழிலாளிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர்களை நான் திட்டமாட்டேன். கலிபோர்னியாவில் ஒரு மின்சாரக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அவர்களை நீக்கிவிட்டு, எச்-1பியில் வந்தவர்களைக் கொண்டு வேலையை நடத்திக்கொண்டான் கம்பெனிக்காரன். விசைத்தறி வந்து சேலையைப் பாதி விலைக்கு விற்றபோது கைத்தறிக்காரனுக்கு வயிறு எரிந்ததா இல்லையா? அந்த எரிச்சல்தான் அவர்களுக்கும். ஆனால் அவர்கள் யார்மேல் வழக்குப் போட்டிருக்க வேண்டும்? ஓட முடியாமல் கட்டிப்போட்ட ஆளைக் குறைந்த கூலிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்ட முதலாளி மேல் அல்லவா? அதை விட்டு, அந்த ஆளின் பெண்டாட்டி வேலைக்குப் போகக் கூடாது என்பதில் என்ன லாபம்? அவனும் அவளும் எந்த வேலைக்கும் எந்தக் கம்பெனிக்கும் தாராளமாகப் போகலாம் என்றிருந்தால்தான் கூலி உயரும். இது தறிக்காரனுக்குத் தெரிந்த கணக்கு.

இந்த இடத்தில் சென்ற கூட்டத்தில் ஒரு தோழர் எழுந்து, "அவன் நாடு, அவன் சட்டம், நாம் கேட்க என்ன யோக்கியதை இருக்கிறது?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். சட்டத்திற்கு ஒரு நியாயம் இருக்குமானால் நாம் வாயை மூடிக்கொள்ளலாம். அதே அமெரிக்காவில் எல்-1 என்று வேறொரு விசா இருக்கிறது. கம்பெனி தன்னுடைய வெளிநாட்டுக் கிளையிலிருந்து ஆளை மாற்றி அனுப்பினால் அது. அந்த ஆளின் மனைவி 2021 நவம்பர் முதல் தனிச்சீட்டுக் கேட்காமலே எங்கும் வேலை செய்யலாம். இரண்டு பெண்களும் ஒரே கல்லூரியில் படித்தவர்களாயிருக்கலாம், ஒரே கட்டடத்தில் எதிரெதிர் வீட்டில் குடியிருக்கலாம். ஒருத்தி காலையில் ஆபீசுக்குப் போகிறாள். மற்றவள் ஜன்னலில் நின்று அவள் போவதைப் பார்க்கிறாள். அவளை அனுமதித்ததினால் அமெரிக்கா முழுகிவிட்டதா? இங்கிலாந்திலே வேலைக்கு வருகிறவனோடு சேர்ந்து வர அனுமதிக்கப்பட்ட மனைவி வேலை செய்யலாம். ஜெர்மனியில் குடும்பத்தோடு சேர்ந்து வாழக் கொடுக்கிற அனுமதியிலேயே 2013 முதல் வேலை உரிமையும் அடக்கம். துபாயிலேகூடக் கணவன் பேரிலுள்ள விசாவோடு, தொழில் இலாகா அனுமதி பெற்று வேலை பார்க்கலாம். சிங்கப்பூரோ திரும்பிப் போயிற்று. முன்பு சார்ந்தோர் அனுமதியில் இருக்கிற மனைவிக்குச் சம்மதக் கடிதம் என்று ஒன்று வாங்கிக் கொடுத்தாலே வேலை கிடைக்கும். 2021 மே மாதம் 1ந் தேதி முதல், வேலைக்கு வேண்டுமானால் அவளும் சம்பளம், தகுதி எல்லாம் காட்டித் தனியாக வேலை அனுமதி பெறவேண்டும் என்று செய்துவிட்டார்கள். ஒரு நாட்டில் நியாயமாயிருப்பது இன்னொரு நாட்டில் குற்றமாயிருந்தால், இதில் இயற்கை நியதி ஒன்றும் இல்லை, மனிதன் செய்த ஏற்பாடுதான் என்று தெரிகிறதல்லவா? மனிதன் செய்ததை மனிதன் மாற்றலாம்.

இனி, கேட்கவே மனம் பதறுகிற ஒன்று. புருஷன் அடித்தால் என்ன செய்வது? அவள் இருப்பே அவன் விசாவில் தொங்குகிறது. விவாகரத்தானால் அந்த விசாவில் தங்க உரிமையில்லை. கையில் காசில்லை, பேங்கில் தன் சம்பாத்தியம் என்று ஒரு டாலர் இல்லை, வக்கீலுக்கு எதைக் கொடுப்பாள்? அமெரிக்காவில் 2005ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றில், புருஷனால் கொடுமைக்குள்ளான இப்படிப்பட்ட மனைவி வேலை அனுமதி கேட்கலாம் என்று எழுதினார்கள். எழுதினார்களே தவிர, விண்ணப்பிக்க ஒரு பாரம் அச்சடிக்க 2017 வரை ஆயிற்று! பன்னிரண்டு வருஷம்! சட்டம் இருந்தது, பாரம் இல்லை. கோவில் திறந்திருக்கிறது, ஆனால் உனக்கு உள்ளே இடமில்லை என்ற கதைதான். இப்போது பாரம் இருக்கிறது. இதை இங்கே விவரமாகச் சொல்வதற்குக் காரணம், உங்களில் யார் வீட்டுப் பெண்ணாவது அப்படிப்பட்ட துன்பத்தில் இருந்தால், இப்படி ஒரு வழி இருக்கிறதென்று அவள் காதில் போய் விழட்டும் என்பதற்காகத்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். நல்லபடியாக இருக்கிறவளுக்கு வேலையில்லை, அடிபட்டதை ருஜுப்படுத்தினால் வேலை உண்டு என்றால், வேலை உரிமை முன்பே அவள் கையில் இருந்திருந்தால் அவ்வளவு அடி பட்டிருப்பாளா?

இதுவரை அமெரிக்காக்காரனைச் சொன்னேன், நீங்களும் கை தட்டினீர்கள். இனிச் சொல்வதற்குக் கை தட்டுவீர்களோ என்னவோ தெரியவில்லை.

அந்தச் சட்டத்தில் ஆண், பெண் என்று பேதம் எழுதியிருக்கவில்லை. பெண் எச்-1பியில் போனால் அவள் புருஷன் எச்-4தான். அவனும் சும்மா உட்கார வேண்டியதுதான். அப்படியிருக்க, நூற்றுக்கு 90க்கு மேல் ஏன் பெண்களாயிருக்கிறார்கள்? அமெரிக்காவா அப்படி வைத்தது? நாமல்லவா வைத்தோம்! மாப்பிள்ளை வயதில் மூத்தவனாயிருக்க வேண்டும், படிப்பில் ஒரு படி மேலாயிருக்க வேண்டும், சம்பளம் அதிகமாயிருக்க வேண்டும், பெண்தான் அவன் இருக்கிற இடத்துக்குப் போகவேண்டும் என்று வைத்தது யார்? பெண்ணுக்கு வேலை கிடைத்து வெளிநாடு போகிற சந்தர்ப்பம் வந்தால், "ஒரு கல்யாணத்தைப் பண்ணிவிட்டு அப்புறம் போகட்டும்" என்கிறோம். மகனுக்கு அப்படிச் சொல்லுகிறோமா? அமெரிக்காக்காரன் ஒரு பெட்டியைச் செய்து வைத்தான். பெண்ணை அலங்காரம் செய்து, மேளம் கொட்டி, அதற்குள் வைத்துப் பூட்டியவர்கள் நாம்.

தறி வீட்டையே பாருங்கள். கோர்வைச் சேலை நெய்ய ஒரு ஆள் போதுமா? உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா. பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் மனைவியின் கையாகவோ பிள்ளையின் கையாகவோதானே இருந்துவந்திருக்கிறது? தார் சுற்றுவது யார்? பாவுக்கு இழை எடுத்துக் கொடுப்பது யார்? சேலை முடிந்து கூலி வரும்போது மாத்திரம் புத்தகத்தில் பேர் யாருடையது? பல வீடுகளில் ஒரே பேர், ஆண் பேர். அதிலும் அவள் ஒத்தாசை செய்கிறவள்தான், தொழிலாளியல்ல. ஆகவே காஞ்சீபுரத்துத் தறிக்குழியில் நூறு வருஷமாக எச்-4 விசா இருந்துவருகிறது என்று நான் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இதை நாம் இன்று புதிதாகச் சொல்லவில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாட்டிலேயே, பெண்களுக்கு ஆண்களைப் போலச் சொத்துரிமை வேண்டும், எந்தத் தொழிலையும் செய்ய உரிமை வேண்டும் என்று தீர்மானம் செய்தார்கள். அன்று காஞ்சீபுரம் செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. (2019இல் செங்கல்பட்டே காஞ்சீபுரத்தினின்று பிரிந்தது வேறு கதை.) சொத்துரிமைத் தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை அறுபது வருஷம் ஆயிற்று. தொழில் உரிமைத் தீர்மானம் விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது.

எனவே தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் நான் சொல்லுவது, ஜோசியனை விட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டாரைக் கேளுங்கள் என்பதுதான். என்ன விசா? எச்-1பியா, எல்-1ஆ? நிரந்தரக் குடியிருப்புக்குக் கம்பெனி மனுப் போட்டாயிற்றா, அது ஒப்புக்கொள்ளப்பட்டதா, எந்தத் தேதியில்? எத்தனை பவுன் போடுவீர்கள் என்று அவர்கள் கேட்கும்போது கூச்சப்படவில்லையே, இதைக் கேட்க நமக்கு என்ன கூச்சம்? மாமரம் கல்யாணத்தை நடத்தி வைக்கும் என்றே வைத்துக்கொண்டாலும், அது விசா நிபந்தனையைப் படித்துப் பார்க்காது. பெண்ணும் தன்னுடைய பட்டச் சான்று, வேலை அனுபவக் கடிதம், பாஸ்போர்ட்டு ஆகியவைகளைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளட்டும். மாமியார் பீரோவில் வைக்க வேண்டிய அவசியமில்லை. சொந்தப் பேரில் வேலை விசாவோ படிப்பு விசாவோ கிடைக்குமானால் கல்யாணம் காத்திருக்கட்டும். படிப்புக் கடன் பாக்கி இருந்தால், பெண் வேலை செய்ய முடியாத காலத்தில் தவணையை யார் கட்டுவது என்பதைத் தாம்பூலம் மாற்றுவதற்கு முன்பே மாப்பிள்ளை வாயால் சொல்லச் செய்யுங்கள். வெளிநாடுகளோடு ஒப்பந்தம் பேசப் போகிற நம் அரசாங்கத்தார் எத்தனை எச்-1பி கிடைக்கும் என்று பேரம் பேசுகிற நேரத்தில், கூடப் போகிற பெண்ணின் வேலையையும் பேசட்டும் என்று இந்தக் கூட்டத்தின் பேரால் ஒரு தீர்மானம் கொண்டுவரத் தலைவர் அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அந்த அண்ணனுக்கு நான் சொன்ன பதிலையும் கேட்பீர்கள். "போலீஸ் பிடிப்பது இருக்கட்டும், விசா போய்விடும், ஆகையால் அவளைத் திருட்டுத்தனமாக வேலைக்குப் போகச் சொல்லாதீர்கள். மாப்பிள்ளையின் கம்பெனி மனுப் போட்டதா என்று கேளுங்கள்" என்றேன். கேட்டார். போன வருஷமே மனுப் போட்டு, ஒப்புக்கொண்டு கடிதமும் வந்துவிட்டதாம். அதை மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றவில்லையாம், அவ்வளவுதான். வேலைச் சீட்டுக்கு அந்தப் பெண் போன மாதம் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். பேங்க்காரரிடம் ஆறு மாதம் தவணை கேட்க நானும் அண்ணனும் திங்கட்கிழமை போகிறோம்.